பஸ் ஸ்டாப்பிலிருந்து மெயின் கேட் வரை: பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள நடைபாதையை அளந்து, சரிசெய்ய வைப்பது எப்படி?

பல்கலைக்கழக வளாகத்துக்குள் போய்விட்டால் ஓரளவு வசதி இருக்கும். நிர்வாகக் கட்டடத்தில் சாய்தளம், நூலகத்தில் லிஃப்ட், புதிதாகக் கட்டிய துறைகளில் கைப்பிடி வைத்த கழிப்பறை. பல்கலைக்கழகங்களுக்குத் தரமதிப்பீடு கொடுக்கும் நாக் (NAAC) குழு அண்மையில் வந்துபோன வளாகம் என்றால் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். சிக்கல் எல்லாம் கேட்டுக்கு வெளியே. பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்திலிருந்து மெயின் கேட் வரையுள்ள இருநூறு, முந்நூறு மீட்டர் யாருடைய பொறுப்பு என்றே தெரியாமல் கிடக்கும். பல்கலைக்கழகத்தில் கேட்டால் 'அது மாநகராட்சி ரோடு' என்பார்கள். மாநகராட்சியில் கேட்டால் 'அது நெடுஞ்சாலைத் துறை' என்பார்கள். நடுவில் மாட்டிக்கொள்வது சக்கர நாற்காலியில் வரும் மாணவியும், வெள்ளைக்கோலோடு வரும் மாணவரும், மூட்டுவலியோடு வரும் பேராசிரியரும்தான்.

இந்த வழிகாட்டி அந்தத் துண்டு வழிக்கானது. ஒரு என்.எஸ்.எஸ். அணியோ, வளாகத்தின் சம வாய்ப்பு மையமோ, அல்லது நாலு நண்பர்களோ சேர்ந்து இதைச் செய்யலாம். பொறியியல் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. 'நடைபாதை சரியில்லை' என்று பொதுவாக எழுதும் மனு கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். எந்த இடம், எத்தனை செ.மீ. குறைவு, எந்தத் துறையின் ரோடு ஆகிய மூன்றும் எழுதிய மனுவை அப்படித் தள்ளிவைப்பது கஷ்டம். கீழே உள்ள வேலை எல்லாம் இந்த மூன்றைத் திரட்டுவதற்குத்தான்.

1. ஒரே ஒரு வழியை எடுத்துக்கொள்ளுங்கள்

வளாகத்தின் நாலு பக்கச் சுற்றுச்சுவரையும் சுற்றி வர ஆசைப்படாதீர்கள். மாணவர்கள் அதிகம் நடக்கிற ஒரு வழி போதும். சென்னைப் பல்கலைக்கழகம் என்றால் சேப்பாக்கம் பறக்கும் ரயில் நிலையத்திலிருந்து வாலாஜா சாலை வழியாகக் காமராசர் சாலை வரை. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் என்றால் சிதம்பரம் ரயில் நிலையத்திலிருந்து. கோவை மருதமலை சாலையில் சட்டக் கல்லூரியும் பாரதியார் பல்கலைக்கழகமும் ஒரே சாலையில் வருகின்றன. அங்கே உங்கள் பஸ் ஸ்டாப் எது, கேட் எது என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

இப்படிச் சுருக்குவதற்குக் காரணம் இருக்கிறது. முந்நூறு மீட்டர் வழியில் 290 மீட்டர் அருமையாக இருந்து, பத்து மீட்டரில் மட்டும் மேன்ஹோல் மூடி துருத்திக்கொண்டு நின்றால், சக்கர நாற்காலிக்கு அந்த வழி முழுவதுமே இல்லை. அதில் வருபவர் தொடக்கத்திலேயே ரோட்டில் இறங்கிவிடுவார், ஏனென்றால் நடுவில் இறங்க இடம் இருக்காது. சராசரி மதிப்பெண் இங்கே உதவாது. மோசமான ஒரு இடம்தான் முழு வழிக்கும் மதிப்பெண்.

2. ரோடு யாருடையது?

டேப்பைத் தொடுவதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்வது நல்லது. நகரத்துக்குள் இருந்தால் பெரும்பாலும் மாநகராட்சி அல்லது நகராட்சி. ஆனால் நகரத்துக்குள்ளேயே மாநில நெடுஞ்சாலைத் துறை பராமரிக்கும் சாலைகளும் உண்டு. ஊருக்கு வெளியே உள்ள பல்கலைக்கழகங்களில் கதை வேறு. பாரதிதாசன் பல்கலைக்கழகம் திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் தேனி செல்லும் சாலையில். அப்படிப்பட்ட இடங்களில் நடைபாதை என்ற ஒன்று திட்டத்திலேயே இல்லாமல் போயிருக்கலாம். சாலையின் மண் ஓரத்தைத்தான் மாணவர்கள் நடைபாதையாகப் பயன்படுத்துவார்கள்.

உள்ளூர் உதவிப் பொறியாளர் அலுவலகத்தில் நேரில் கேட்டாலே பாதி நேரம் பதில் கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய் கட்டணத்தோடு எழுதுங்கள். இதில் ஒரு நல்ல ஏற்பாடு: நீங்கள் தப்பான துறைக்கு எழுதிவிட்டாலும், பிரிவு 6(3)-ன்படி அவர்கள் அதைச் சரியான துறைக்கு ஐந்து நாளுக்குள் மாற்றி அனுப்ப வேண்டும். மாற்றி அனுப்பிய அந்தக் கடிதமே 'ரோடு எங்களுடையது இல்லை, அவர்களுடையது' என்பதற்கு எழுத்துச் சான்று ஆகிவிடுகிறது. பிறகு யாரும் பந்தை உருட்டிவிட முடியாது.

கூடவே இன்னும் மூன்று கேள்விகளைச் சேர்த்துவிடுங்கள்: இந்த நடைபாதை கடைசியாக எப்போது போடப்பட்டது, அதன் வரைபட நகல், ஒப்பந்ததாரரின் குறைபாடு நீக்கும் பொறுப்புக் காலம் எந்தத் தேதியோடு முடிகிறது. பொறியாளர்கள் இதை டிஃபெக்ட் லயபிலிட்டி பீரியட் என்பார்கள். அந்தக் காலம் இன்னும் முடியவில்லை என்றால் வேலையில் உள்ள குறையை ஒப்பந்ததாரரே தன் செலவில் சரிசெய்ய வேண்டும். புதிதாக நிதி ஒதுக்கச் சொல்லிக் காத்திருக்க வேண்டியதில்லை.

3. யார் நடந்து பார்ப்பது?

மாற்றுத்திறனாளி மாணவர்கள் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் நடந்துவிட்டு 'இப்போதுதான் கஷ்டம் புரிந்தது' என்று புகைப்படம் போடும் நிகழ்ச்சிகள் எனக்குப் பிடிப்பதில்லை. கண்ணைக் கட்டியவர் தெரிந்துகொள்வது கண் கட்டின பயத்தை மட்டும்தான். வெள்ளைக்கோலோடு தினமும் நடப்பவருக்குத் தெரிவது வேறு: எந்த மரத்தடியில் பைக் நிற்கும், எந்தக் கடையின் மணத்தை வைத்துத் திரும்ப வேண்டும், எந்த மழைநீர் வடிகால் மூடி ஆடும்.

சக்கர நாற்காலியில் வருபவர், பார்வையற்றவர், ஊன்றுகோலோடு நடப்பவர் என மூன்று பேராவது இருந்தால் நல்லது. ஒருவருக்கு உதவுவது இன்னொருவருக்கு இடைஞ்சலாகவும் இருக்கும். அதை அவர்களே பேசித் தீர்க்கட்டும். அரசு கொடுக்கும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டரில் வருபவர்களையும் விட்டுவிடாதீர்கள். அவர்கள் நடைபாதையில் வருவதில்லைதான், ஆனால் கேட்டில் தடுப்பு வைத்து அவர்களை வெளியிலேயே நிறுத்தச் சொல்லும் வளாகங்கள் உண்டு. கூட வரும் எல்லோருக்கும் அவர்கள் நேரத்துக்கு ஈடாக ஏதாவது கொடுங்கள். படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள்.

4. அளப்பது

ஐந்து மீட்டர் டேப், கொத்தனார் வைத்திருக்கும் 60 செ.மீ. ரசமட்டம், சாக்பீஸ், ஒரு போன். இவ்வளவுதான் கருவி. ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு ஆவணங்கள்: இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 103 என்ற நடப்போர் வசதிகளுக்கான வழிகாட்டி, மத்திய வீட்டுவசதி நகர்ப்புற அமைச்சகத்தின் 2021-ம் ஆண்டு அனைவருக்குமான அணுகல் வழிகாட்டுதல்கள்.

*அகலம்.* நடைபாதையின் மொத்த அகலத்தை அளக்காதீர்கள். மின்கம்பம், மரம், ஈ.பி. பெட்டி, விளம்பரப் பலகை எல்லாம் போக, தடையில்லாமல் மிச்சமிருப்பதை அளங்கள். குடியிருப்புப் பகுதியில் அது 1.8 மீட்டருக்குக் குறையக்கூடாது, கடைவீதியில் 2.5 மீட்டர் என்கிறது ஐ.ஆர்.சி. ஒரு சக்கர நாற்காலி பொதுவாக 65–70 செ.மீ. அகலம் இருக்கும், கையால் தள்ள இரண்டு பக்கமும் இடம் வேண்டும் என்பதால் 90 செ.மீ.-க்குக் கீழே போன இடம் எல்லாம் அடைப்பு என்று குறித்துக்கொள்ளுங்கள். திரும்ப வேண்டிய இடத்தில் ஒன்றரை மீட்டர் வேண்டும்.

*உயரம்.* வெள்ளைக்கோல் தரையில் உள்ளதைத்தான் கண்டுபிடிக்கும். தலை உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் தகர போர்டையோ, மரக்கிளையையோ அது சொல்லாது. மின்கம்பத்திலிருந்து சாய்வாக இறங்கும் ஸ்டே கம்பி இன்னும் மோசம். கோல் அதன் அடியில் நுழைந்துவிடும், முகம் கம்பியில் மோதும். 2.2 மீட்டர் உயரம் வரை எதுவும் குறுக்கே இருக்கக்கூடாது.

*ஓரக்கல்லும் சாய்தளமும்.* பெரும்பாலான வழிகள் தோற்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஓரக்கல் ரோட்டு மட்டத்திலிருந்து 15 செ.மீ.-க்கு மேல் இருக்கக்கூடாது. நம் ஊரில் 25, 30 செ.மீ. சாதாரணம். பைக் ஏறக்கூடாது என்று உயர்த்திக் கட்டுவார்கள். பைக் எப்படியும் ஏறிவிடும், பாட்டிதான் ஏற மாட்டார். சாய்தளத்தின் சரிவு 1:12, அதாவது ஒரு செ.மீ. உயரத்துக்கு 12 செ.மீ. நீளம். 15 செ.மீ. ஓரக்கல்லுக்கு 1.8 மீட்டர் நீளச் சாய்தளம். ஓரக்கல் 30 செ.மீ. என்றால் 3.6 மீட்டர். அவ்வளவு இடம் எந்த முனையிலும் இருக்காது என்பதால் ஒப்பந்ததாரர் ஒன்றரை அடியில் ஒரு சிமெண்ட் மேட்டைப் பூசிவிட்டுப் போய்விடுவார். வரைபடத்தில் 'சாய்தளம்: உண்டு' என்று வந்துவிடும். அதில் சக்கர நாற்காலி ஏறாது. இறங்கினால் முன்பக்கம் கவிழும்.

சரிவை அளக்க ஒரு எளிய வழி: 60 செ.மீ. ரசமட்டத்தைச் சாய்தளத்தின் மேல் சரிவுவாக்கில் வையுங்கள். கீழ்ப்பக்க முனையைக் குமிழி நடுவுக்கு வரும்வரை தூக்குங்கள். அந்த முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி 5 செ.மீ. என்றால் சரியாக 1:12. அதற்கு மேல் போனால் செங்குத்து. மழைநீர் வடிய நடைபாதை குறுக்கே சற்றுச் சரிந்திருக்கும், அது சரி. ஆனால் அதே ரசமட்டத்தைக் குறுக்குவாக்கில் வைத்தால் இடைவெளி 1.2 செ.மீ.-க்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் சக்கர நாற்காலி ரோட்டுப் பக்கமே இழுத்துக்கொண்டு போகும்.

1.8 மீட்டர் நடைபாதையில் 1.8 மீட்டர் சாய்தளம் வெட்டினால் மேலே திரும்ப இடமே இல்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு முனை முழுவதையும் தாழ்த்திக் கட்ட வேண்டும், அல்லது நடைபாதையையே 10 செ.மீ. உயரத்தில் கட்ட வேண்டும். மனுவில் இதையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் இன்னொரு சிமெண்ட் மேடுதான் வரும்.

*மெயின் கேட்.* பல்கலைக்கழகத்தின் மெயின் கேட்தான் அந்தச் சாலையிலேயே அகலமான வாகன வாசல். நடைபாதை அங்கே வந்ததும் அறுந்துபோகும். நடப்பவர் ரோட்டு மட்டத்துக்கு இறங்கி, கார்களுக்கு நடுவே கடந்து, மறுபடி ஏற வேண்டும். நடைபாதை அதே மட்டத்தில் தொடர வேண்டும், கார்தான் ஏறி இறங்க வேண்டும். அப்படிக் கட்டினால் கார்களின் வேகமும் தானாகக் குறையும். அடுத்தது நடப்பவர்களுக்கான திட்டிவாசல். பல வளாகங்களில் பெரிய கேட்டை மூடிவிட்டு அதை மட்டும் திறந்து வைப்பார்கள். அதன் கீழே தாண்டிப் போகும்படி ஒரு இரும்புச் சட்டம் இருக்கும், அல்லது பைக் நுழையாதபடி வளைத்து வளைத்துக் கம்பி போட்டிருப்பார்கள். பைக்கை முழுதாகத் தடுக்கும் கம்பி சக்கர நாற்காலியையும் தடுக்கும். இரண்டுக்கும் அகலம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அங்கே வேண்டியது கம்பி இல்லை, காவலர். இந்த இடம் பல்கலைக்கழகத்தின் சொந்த இடம் என்பதால் யாரையும் காரணம் காட்ட முடியாது. முதல் வெற்றி பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கும்.

*தொட்டுணரும் ஓடுகள்.* மஞ்சள் நிறத்தில் மேடு வைத்த டைல்ஸ். ஜப்பானில் மியாகே செய்இச்சி உருவாக்கி, 1967-ல் ஒகயாமா நகரத்தில் பார்வையற்றோர் பள்ளி அருகே முதலில் பதித்தார்கள். நீளக் கோடு போட்டது 'இப்படியே போகலாம்', வட்டப் புள்ளி போட்டது 'நில், கவனி'. இது தெரியாமல் அழகுக்காக நடைபாதை முழுக்கப் புள்ளி ஓடு பதித்த இடங்கள் உண்டு. எங்கும் 'நில்' என்று எழுதி வைத்தால் யாரும் எங்கும் நிற்க மாட்டார்கள். நேராகப் போய் மின்கம்பத்தில் முட்டும் கோடும் உண்டு. மூன்றைப் பாருங்கள்: கோடு தொடர்ச்சியாக இருக்கிறதா, இரண்டு பக்கமும் 60 செ.மீ. காலியாக இருக்கிறதா, ரோட்டில் இறங்கும் இடத்துக்கு முன் புள்ளி ஓடு வருகிறதா.

*ரோட்டைக் கடப்பது.* பஸ் ஸ்டாப் எதிர்ப்பக்கம் இருந்தால் இதுதான் பெரிய கண்டம். நடக்கும் வேகத்தை வினாடிக்கு 1.2 மீட்டர் என்று வைத்துத்தான் வழக்கமாகச் சிக்னல் நேரம் போடுவார்கள். 18 மீட்டர் ரோட்டுக்கு 15 வினாடி. ஊன்றுகோலோடு 0.8 மீட்டர் வேகத்தில் நடப்பவருக்கு 22 வினாடிக்கு மேல் வேண்டும். போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பச்சை எவ்வளவு நேரம் எரிகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் உள்ள தடுப்புச்சுவரில் சக்கர நாற்காலி போக ரோட்டு மட்டத்திலேயே வெட்டிய இடைவெளி இருக்கிறதா? 'நடைமேம்பாலம் கட்டித் தருகிறோம்' என்று சொன்னால் உடனே கைதட்டிவிடாதீர்கள். லிஃப்ட் இல்லாத மேம்பாலம் மாற்றுத்திறனாளிக்கு ஒரு சுவர். லிஃப்ட் இருந்தாலும் அது தினமும் ஓட வேண்டும். தரையிலேயே, நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திய குறுக்குப் பாதை கேளுங்கள்.

*பஸ் ஸ்டாப்.* சென்னையில் மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2024-ல் புதிய தாழ்தள பஸ்களை இறக்கியது. அந்த பஸ் நடைபாதையை ஒட்டி நின்றால்தான் அதன் சாய்பலகை பயன்படும். ஆட்டோக்கள் வரிசை கட்டி நிற்பதால் பஸ் நடுரோட்டில் நின்றால், பலகை ரோட்டில் இறங்கி, சரிவு செங்குத்தாகிவிடும். ஆட்டோ நிறுத்தத்தைப் பத்து மீட்டர் தள்ளிவைப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

மழை பெய்த மறுநாளும், இருட்டிய பிறகும் ஒரு முறை போங்கள். தண்ணீர் தேங்கும் இடமும் எரியாத விளக்கும் பகலில் தெரியாது.

5. பதிவு

எக்செல் அலங்காரம் வேண்டாம். ஒவ்வொரு தடைக்கும் ஒரு எண், ஒரு படம் (டேப்பின் எண் தெரியும்படி), அருகில் உள்ள கம்பத்தின் எண் அல்லது கடை அடையாளம், இருக்கும் அளவு, இருக்க வேண்டிய அளவு. அப்புறம் மூன்றாகப் பிரியுங்கள்: ஒரே நாளில் எடுத்துவிடக்கூடியவை (நிறுத்திய பைக், விளம்பரப் பலகை, குப்பைத்தொட்டி), கொத்தனார் வேலை, இடம் மாற்ற வேண்டியவை (மின் பெட்டி, கம்பம்). முதல் வகையே பாதி இருக்கும். மூன்றாவது வகைக்கு மின்வாரியமும் சேர வேண்டும் என்பதால் நாளாகும்.

தள்ளுவண்டிக் கடைகளைத் தடைப் பட்டியலில் முதலில் போடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. யோசித்துச் செய்யுங்கள். தெருவோர வியாபாரிகளுக்கு 2014-ம் ஆண்டுச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. அவர்களுக்கு இடம் ஒதுக்க நகர விற்பனைக் குழு என்று ஒன்று உண்டு. இரவில் நடந்து வரும் மாணவிகளுக்கு அந்தக் கடை வெளிச்சம்தான் துணை. கடையை ஓரக்கல் பக்கமாக ஒரு மீட்டர் நகர்த்தினாலே பெரும்பாலும் வழி கிடைத்துவிடும். நேரில் பேசிப் பாருங்கள். நிரந்தரமாக நடைபாதையில் நிற்கும் கார்களைப் பற்றி மட்டும் தயக்கமே வேண்டாம்.

6. மனுவில் எதைச் சொல்வது

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் உங்களுக்குத் தேவையான இரண்டு பிரிவுகள்: கேட்டுக்கு உள்ளே 16, வெளியே 41. பிரிவு 16 கல்வி நிறுவனங்களின் கட்டடம், வளாகம், வசதிகள் எல்லாம் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது. பிரிவு 41 பஸ் நிறுத்தங்களையும் சாலைகளையும் பற்றிப் பேசுகிறது. அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்கள் ஐந்து சதவீதத்துக்குக் குறையாமல் இடம் ஒதுக்க வேண்டும் என்று பிரிவு 32 சொல்கிறது. சேர்க்கையில் இடம் கொடுத்துவிட்டு வாசல் வரை வர வழி கொடுக்காமல் இருப்பது என்ன கணக்கு என்று இதை வைத்தே கேட்கலாம். ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை மாற்ற பிரிவு 45 கொடுத்த ஐந்தாண்டுக் கெடு, விதிகள் வந்த 2017 ஜூனிலிருந்து கணக்கிட்டால், 2022-லேயே முடிந்துவிட்டது.

நீதிமன்றத் தீர்ப்புகளில் இரண்டைக் குறிப்பிடலாம். ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்க முடியாது, கட்டாயமாக வேண்டும் என்றது. 2025 மே மாதம் இன்னொரு வழக்கில், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியல் சட்டப் பிரிவு 21-க்குள் அடங்கும் என்றது. சென்னை என்றால், மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் (நடை, சைக்கிள்) கொள்கையை மாநகராட்சி 2014-லேயே ஏற்றுக்கொண்டது என்பதையும் ஒரு வரி சேருங்கள்.

மனு இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். முதல் பக்கத்தில் மோசமான மூன்று இடங்கள் மட்டும். மீதியை இணைப்பாகக் கொடுங்கள். பல்கலைக்கழகப் பதிவாளருக்கு ஒன்று, ரோட்டுக்குச் சொந்தமான துறையின் பொறியாளருக்கு ஒன்று. பதிவாளரின் முகப்புக் கடிதத்தோடு போனால் பொறியாளர் அலுவலகத்தில் மரியாதையே வேறு. அதற்காகப் பதிவாளர் அலுவலகத்துக்கு நாலு நடை நடக்கலாம். பதில் இல்லையென்றால் கலெக்டர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாள், முதல்வரின் உதவி எண் 1100, சென்னையில் மாநகராட்சியின் 1913. ஊராட்சிப் பகுதியில் உள்ள பல்கலைக்கழகம் என்றால் கிராம சபை. எங்கே கொடுத்தாலும் மனு எண்ணை வாங்காமல் திரும்பாதீர்கள். எதுவும் நடக்கவில்லை என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் செய்யலாம். விசாரிக்க அவருக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டு.

இப்படிக் கேட்டு வாங்கியதற்கு முன்மாதிரி இருக்கிறது. எட் ராபர்ட்ஸ் போலியோவால் பாதிக்கப்பட்டவர். 1962-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, இரவில் செயற்கைச் சுவாசக் கருவிக்குள் படுக்க வேண்டியிருந்ததால், வளாக மருத்துவமனையிலேயே தங்கிப் படித்தார். பின்னால் வந்த மாணவர்களோடு சேர்ந்து 'ரோலிங் குவாட்ஸ்' என்று ஒரு குழு உருவானது. வளாகத்துக்குள் மட்டும் வசதி இருந்தால் போதாது, கடைத்தெருவுக்கும் போக வேண்டும் என்று நகர மன்றத்திடம் போய் நின்றார்கள். 1971-ல் நகர மன்றம் தீர்மானம் போட்டது. வளாகத்தை ஒட்டிய தெருமுனைகளில் ஓரக்கல்லைத் தாழ்த்தும் வேலை தொடங்கியது.

7. வேலை தொடங்கியதும்

ஆணை வந்துவிட்டது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். முக்கியமான வாரமே கொத்தனார் வரும் வாரம்தான். மேற்பார்வையாளரிடம் 1:12 என்று சொல்வதைவிட, 'பதினைந்து சென்டிக்கு ஆறடி நீளம்' என்று சொல்லுங்கள், உடனே புரியும். கான்கிரீட் போடும் முன் பலகை அடித்திருக்கும்போதே ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள். காய்ந்த பிறகு யாரும் உடைக்க மாட்டார்கள். மழைநீர் வடிகால் மேல் இரும்புச் சல்லடை போட்டால் அதன் இடைவெளி 12 மி.மீ.-க்குள், நடக்கும் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முன்சக்கரமும் ஊன்றுகோல் நுனியும் அதில் மாட்டும். முடிந்ததும் அதே சக்கர நாற்காலி மாணவியை அழைத்துப்போய்த் துணையில்லாமல் ஏறி இறங்கச் சொல்லுங்கள். குறை இருந்தால் இறுதிப் பில் பாஸ் ஆவதற்கு முன் பொறியாளருக்கு எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

அடுத்த ஆபத்து தார். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டால் சில ஆண்டுகளில் ரோடு உயர்ந்து, நடைபாதை பள்ளமாகி, கஷ்டப்பட்டு வாங்கிய சாய்தளம் தலைகீழாகிவிடும். சுரண்டிவிட்டுத்தான் புதிய தார் போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலர் இறையன்பு துறைகளுக்கு எழுதியிருக்கிறார். ரோடு போட வண்டி வந்து நிற்கும் இரவில் அதைக் காட்டுவதற்குக் கையில் ஒரு நகல் இருக்கட்டும்.

மாணவர்கள் இரண்டு, மூன்று வருடத்தில் படிப்பு முடித்துப் போய்விடுவார்கள். துறைகளுக்கும் அது தெரியும், இழுத்தடித்தால் போதும் என்று நினைப்பதும் உண்டு. அதனால் மனு எண்கள், ஆர்.டி.ஐ. பதில்கள், படங்கள் எல்லாவற்றையும் ஒருவர் போனில் வைக்காமல் சம வாய்ப்பு மையத்தின் பெயரில் ஒரு கோப்பாகப் போட்டு வையுங்கள். முதலாம் ஆண்டு மாணவர் இருவரைத் தொடக்கத்திலிருந்தே கூட அழைத்துப்போங்கள். ரசமட்டத்தை அவர்களே பிடிக்கட்டும்.